காது கேட்கும் கருவி பழுதானால்: வீட்டில் பார்க்க வேண்டியது எது, கைதேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டியது எது?



காது கேட்கும் கருவியை எப்படி வாங்குவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கிய கருவி நின்றுபோனால் என்ன செய்வது என்று சொல்பவர்கள் குறைவு. தர்மபுரி மாவட்டத்தில் ஏரியூர் போன்ற ஓர் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரியது. கருவி எப்படியோ கைக்கு வந்துவிடுகிறது. அரசு முகாமில் கிடைக்கிறது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி வருகிறார், வளைகுடாவிலிருந்து மருமகன் அனுப்பி வைக்கிறார். ஆறு மாதம் கழித்து அது "கீ" என்று கத்துகிறது, அல்லது சத்தமே வருவதில்லை. காட்டுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அப்படியே பீரோவுக்குள் போய்விடுகிறது.

அதன் பிறகு நடப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அத்தா ஜும்ஆவுக்குப் போகிறார், குத்பா காதில் விழுவதில்லை. வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது முகத்தைப் பார்த்துத் தானும் சிரிக்கிறார். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்துகொள்கிறார். "வயசாயிடுச்சு, அவருக்கு இனிமே என்ன கேட்கணும்" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். சின்னப் பிள்ளை என்றால் இழப்பு இன்னும் பெரிது. பேச்சு பழகும் வயதில் கருவி பீரோவில் கிடக்கும் மாதங்கள் திரும்பி வருவதில்லை. குர்ஆன் 16:78, 67:23 ஆகிய வசனங்களில் செவிப்புலன் பார்வைக்கு முன்பாகக் குறிப்பிடப்பட்டு, நன்றி செலுத்துவதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அந்த அருட்கொடைக்குத் துணையாக இருக்கும் ஒரு சின்னப் பொருளைப் பழுது பார்க்காமல் போட்டு வைப்பது சரியா என்று நாம் யோசிக்க வேண்டும்.

கருவி நின்றுவிட்டது என்று வீட்டில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி கருவியின் பழுதே அல்ல. காதழுக்கு, ஈரம், தீர்ந்த பேட்டரி, இறுகிப்போன குழாய் ஆகிய நான்கும்தான் வழக்கமான காரணங்கள். இவற்றை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அதைத் தாண்டிய கோளாறை வீட்டிலும் திறக்கக் கூடாது, செல்போன் கடையிலும் திறக்கக் கூடாது.

கருவிக்குள் இருப்பவை

எந்த வகைக் கருவியானாலும் உள்ளே இருப்பவை நான்குதான்: சத்தத்தை வாங்கும் மைக், அதைப் பெருக்கும் சிப், பெருக்கிய சத்தத்தைக் காதுக்குள் விடும் குட்டி ஸ்பீக்கர், பேட்டரி. இந்த ஸ்பீக்கரைத் தொழிலில் இருப்பவர்கள் 'ரிசீவர்' என்பார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் சத்தம் ஒரு கொக்கி, ஒரு மெல்லிய குழாய், காதின் அளவெடுத்துச் செய்த அச்சு ஆகியவற்றின் வழியாக உள்ளே போகும். இந்த அச்சை 'மோல்டு' என்பார்கள். புதிய மாதிரிகள் சிலவற்றில் ரிசீவர் மட்டும் மெல்லிய கம்பியின் நுனியில் காதுக்குள்ளேயே இருக்கும். அழுக்குக்கும் ஈரத்துக்கும் நேராக இருப்பதால் அதுதான் முதலில் கெடும். ஆனால் முழுக் கருவியையும் மாற்றாமல் அதை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். சட்டைப் பையில் வைக்கும் பழைய பெட்டி மாதிரியில் பெரும்பாலும் முதலில் அறுவது வயர்தான்.

இது தெரிந்திருந்தால் கடையில் "மொத்தமும் போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லும்போது, "எந்தப் பகுதி போச்சு?" என்று நாம் கேட்க முடியும்.

முதலில் வீட்டில் பாருங்கள்

பேட்டரியில் தொடங்குங்கள். காதுக் கருவிக்கான பேட்டரி கைக்கடிகாரப் பேட்டரி போல இருந்தாலும் வேறு வகை. இது துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்வது. மேலே ஒட்டியிருக்கும் வண்ண ஸ்டிக்கரை உரித்ததும் சின்னத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போய்ப் பேட்டரி உயிர் பெறும். உரித்த உடனே கருவிக்குள் போட்டு மூடாமல் ஒன்றிரண்டு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுவது நல்லது. ஒருமுறை உரித்துவிட்டால், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். திரும்ப ஸ்டிக்கரை ஒட்டிப் பயனில்லை. அளவை வண்ணத்தால் கண்டுபிடிக்கலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். பழைய பேட்டரியின் அட்டையை வீசாமல் வைத்திருந்தால் கடையில் குழப்பம் வராது. சிறிய ஊர்க் கடைகளில் இருப்பு நாள்பட்டதாக இருக்கக்கூடும், அட்டையில் உள்ள தேதியைப் பார்த்து வாங்குங்கள். பேட்டரி தலைகீழாகப் போடப்பட்டிருப்பதும், பேட்டரிக் கதவு முழுதாக மூடாமல் இருப்பதும் பெரியவர்கள் வீட்டில் தினமும் நடப்பவை. கதவை அழுத்தி மூட வேண்டியிருந்தால் பேட்டரி தவறாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பேட்டரி குழந்தையின் வாய்க்கும் மூக்குக்கும் காதுக்கும் அளவான பொருள். விழுங்கினாலோ மூக்கில், காதில் திணித்துக்கொண்டாலோ உள்ளே தசையை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், வீட்டு வைத்தியம் பார்க்காமல், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தீர்ந்த பேட்டரியும் இதே ஆபத்து உள்ளதுதான்.

அடுத்தது சுவிட்ச். பழைய கருவிகளிலும் முகாமில் கிடைக்கும் சில கருவிகளிலும் எம், டி, ஓ என்று மூன்று எழுத்துகள் இருக்கும். ஓ என்றால் அணைந்திருக்கிறது. எம் என்றால் மைக் வேலை செய்கிறது. டி என்பது தொலைபேசிக்கும், சில அரங்குகளில் இருக்கும் சிறப்பு ஒலி வளையத்துக்கும் உரியது. விரல் பட்டு டி-க்குப் போய்விட்டால் எதிரில் பேசுபவரின் குரல் கேட்காது, 'ங்' என்ற இரைச்சல் மட்டும் வரலாம். இதற்காகவே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தர்மபுரி வரை போய் வருவது வீண். முதலில் சுவிட்சைப் பாருங்கள்.

பேட்டரி புதியது, சுவிட்ச் சரியாக இருக்கிறது என்றால், கருவியை உள்ளங்கையில் வைத்து விரல்களால் மூடி, சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். விசில் போன்ற ஒலி வந்தால் மைக்கும் சிப்பும் ஸ்பீக்கரும் உயிரோடு இருக்கின்றன. அப்படியானால் அடைப்பு குழாயிலோ அச்சிலோ காதிலோதான். புதிய டிஜிட்டல் கருவிகள் சில விசிலைத் தாமே அடக்கிவிடும் என்பதால், விசில் வராவிட்டால் கருவி செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இனி அழுக்கு. அச்சின் துளையில் காதழுக்கு அடைத்திருந்தால் சத்தம் வெளியே வராது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் அச்சையும் குழாயையும் கொக்கியிலிருந்து மெதுவாகக் கழற்றி, அவற்றை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து கழுவலாம். இரவு முழுக்கக் காய விட்டு, குழாய்க்குள் ஒரு துளி நீரும் இல்லை என்று பார்த்த பிறகு மாட்டுங்கள். கருவியின் மேல் தண்ணீரோ ஸ்பிரிட்டோ சானிடைசரோ படவே கூடாது, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ரிசீவர் காதுக்குள் இருக்கும் மாதிரியை எந்தப் பகுதியாகவும் கழுவக் கூடாது. அதன் நுனியில் காதழுக்கைத் தடுக்கும் வெள்ளை வடிகட்டி ஒன்று இருக்கும், அதை மாற்றினாலே பல கருவிகள் பேசத் தொடங்கிவிடும். குண்டூசி, ஊக்கு, தீக்குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள்.

குழாய் மஞ்சளாகி, வளைத்தால் வளையாமல் இறுகியிருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது. செலவு மிகக் குறைவு. அதை மாற்றாமல் விட்டு "மிஷின் சரியில்லை" என்று சொல்கிறோம்.

மாட்டியிருக்கும்போதே விசில் அடித்தால், அச்சு காதில் சரியாக உட்காரவில்லை, அல்லது காதுக்குள்ளே அழுக்கு அடைத்திருக்கிறது, அல்லது குழாயில் வெடிப்பு இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு என்றால் காது வளர்ந்துவிட்டது, அச்சு சிறிதாகிவிட்டது. புதிய அச்சு எடுக்க வேண்டும். நம் பெண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முக்காடோ ஹிஜாபோ காதோடு இறுக்கமாக இருந்தால் கருவியின் மைக்கில் துணி உரசி இரைச்சலும் விசிலும் வரும். இதைத் தாங்க முடியாமல் வெளியே போகும்போது கருவியைக் கழற்றி வைத்துவிடும் தாய்மார்கள் உண்டு. காதுப் பக்கம் மெல்லிய, வழவழப்பான துணியைத் தளர்வாக விட்டுக் கட்டிப் பாருங்கள். அப்போதும் தொந்தரவு இருந்தால் கருவியைச் சரிசெய்பவரிடம் இதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். விசில் அடக்கும் அமைப்பைக் கணினியில் கூட்டிக் குறைக்க அவரால் முடியும். முன்னே துணியோடு இருந்து காட்டினால் இன்னும் நல்லது.

பிள்ளைகள் தங்களுக்குக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள். அதனால் காலையில் கருவியை மாட்டியதும் பிள்ளையின் பின்னால் நின்று, வாயைக் காட்டாமல், ஆ, ஈ, ஊ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதும் கை தூக்கவோ திருப்பிச் சொல்லவோ பழக்குங்கள். லிங் சோதனை என்று இதற்குப் பெயர். நேற்றுக் கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால் கருவியில் ஏதோ மாறியிருக்கிறது. ஒரு நிமிட வேலை, எந்தச் செலவும் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் காதையே சந்தேகப்பட வேண்டும். சீழ், வலி, காதழுக்கு அடைப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். கருவியைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருந்தால் சிகிச்சைக்கான நேரம் கடந்துவிடக்கூடும்.

ஈரம், உளூ, பரிசல்

மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு எட்டும் பகுதி இது. கோடையில் வியர்வை கருவிக்குள் இறங்கும், மழைக் காலத்தில் காற்றிலேயே ஈரம் இருக்கும். இதோடு ஐந்து வேளை உளூவும் சேர்கிறது. உளூவில் காதுகளை மஸ்ஹு செய்வது ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளிலும் சுன்னத். கருவியைக் கழற்றி, உலர்ந்த டப்பாவில் வைத்துவிட்டு உளூச் செய்து, காதை நன்றாகத் துடைத்த பிறகு மாட்டுவதே முறை. ஹவுளின் விளிம்பில் வைத்தால் தண்ணீருக்குள் விழும். சட்டைப் பையில் போட்டால் குனியும்போது விழும். கடமையான குளிப்பில் காது மடலின் மடிப்புகளுக்குத் தண்ணீர் சேர வேண்டும் என்பதால் கழற்றாமல் குளிப்பது இரண்டு வகையிலும் தவறு. கையால் கழற்றி மாட்ட முடியாத நோயாளிகளின் நிலை பற்றி உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் கருவியை வையுங்கள். மணிகளின் நிறம் மாறினால் அவை ஈரத்தை முழுதாக உறிஞ்சிவிட்டன என்று பொருள். மாற்றவோ, அட்டையில் சொல்லியிருக்கும் முறைப்படி காய வைக்கவோ வேண்டும். நாகமரையில் ஏறி அக்கரைப் பண்ணவாடிக்குப் போகிறவர்கள் தண்ணீரில் இருக்கும் நேரத்துக்குக் கருவியைக் கழற்றி மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொண்டால் நிம்மதி. தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே பேட்டரியை எடுத்துவிட்டு, துடைத்து, சிலிக்கா டப்பாவில் ஒரு நாளாவது வைத்திருந்து பிறகு புதிய பேட்டரி போட்டுப் பாருங்கள். வெயிலில் வைப்பது, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டுவது, அடுப்பின் அருகே வைப்பது எல்லாம் ஈரத்தைவிட அதிகமாகக் கெடுக்கும். அரிசிப் பானையில் புதைப்பதும் வேண்டாம். அரிசித் தூள் மைக் துளையை அடைப்பதுதான் மிச்சம்.

யாரிடம் கொடுப்பது?

காதைப் பார்ப்பவர் மருத்துவர். கேட்கும் திறனை அளந்து கருவியைப் பொருத்துபவர் செவித்திறன் வல்லுநர், அதாவது ஆடியாலஜிஸ்ட். கருவியைத் திறந்து பழுது பார்ப்பவரும் அச்சு செய்பவரும் அதற்கென்றே படித்த தொழில்நுட்பர். மூவரும் வேறு வேறு. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் ஆடியாலஜிஸ்டுகளை மட்டுமல்ல, காதுக் கருவி மற்றும் அச்சுத் தொழில்நுட்பர்களையும் தனித் தொழிலாகக் குறிப்பிடுகிறது. ஆகவே "நீங்கள் மன்றத்தில் பதிவு செய்தவரா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, நம் உரிமை.

செல்போன் பழுது பார்க்கும் தம்பிகள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இந்த வேலைக்கு அவர்களிடம் இல்லாதது அளக்கும் பெட்டி. கைதேர்ந்த இடத்தில் கருவியை முதலில் காதில் வைத்துக் கேட்டுப் பார்ப்பார்கள். பிறகு சத்தம் புகாத சோதனைப் பெட்டியில் வைத்து, எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் வெளியே வருகிறது, எவ்வளவு சிதைவு இருக்கிறது என்று அளப்பார்கள். உறிஞ்சும் கருவியால் மைக்கிலும் ரிசீவரிலும் உள்ள அழுக்கை எடுப்பார்கள். பேட்டரியின் தொடுமுனைகளில் துருப் பிடித்திருந்தால் சுத்தம் செய்வார்கள் அல்லது மாற்றுவார்கள். சிப் போனால் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் அந்த நபரின் கேட்கும் அளவுக்கு ஏற்ப மறுபடியும் கணினியில் பொருத்துவார்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் கருவியைக் கொடுத்தால் பழுது பார்த்தது பாதிதான். சத்தம் வரும், ஆனால் அந்தச் சத்தம் உங்கள் அத்தாவின் காதுக்கானதாக இருக்காது. தேவைக்கு மேல் போனால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் கெடுக்கலாம்.

விளம்பரத்தில் பார்த்து மலிவாக வாங்கும் 'காது மிஷின்'களில் பல சத்தத்தை மொத்தமாகக் கூட்டும் பெருக்கிகள் மட்டுமே. அவற்றைப் பழுது பார்க்கச் செலவு செய்வதைவிட அந்தப் பணத்தை ஒரு முறையான கேட்கும் சோதனைக்குச் செலவிடுவது மேல் என்பது எங்கள் கருத்து.

ஏரியூரிலிருந்து எங்கே போவது?

தனியார் கடையில் வாங்கியது என்றால் முதலில் அந்தக் கடை அல்லது அந்த நிறுவனத்தின் சேவை மையம். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் வேறு யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் உத்தரவாதம் போய்விடும். பெங்களூரில் வாங்கியதைப் பெங்களூரிலேயே கொடுக்க வேண்டும் என்பதில்லை. அதே நிறுவனத்தின் மையம் சேலத்திலோ தர்மபுரியிலோ இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகளில் இரண்டு சிக்கல். பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்குள் மட்டுமே செல்லும். சில சங்கிலிக் கடைகள் விற்கும் கருவிகள் பூட்டப்பட்டவை, அவர்களின் மென்பொருளைத் தவிர வேறு எதனாலும் மாற்றியமைக்க முடியாது. சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ வாங்கி அனுப்ப நினைக்கும் பிள்ளைகள் வாங்கும் முன்பே இந்த இரண்டையும் கேட்டுவிட வேண்டும். அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்பி இங்கேயே அளவெடுத்து வாங்கச் சொல்வது பெரும்பாலும் நல்லது.

அரசு மூலம் கிடைத்தது என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் 1981 முதல் நடக்கிறது. அதன்கீழ் வரும் கருவிகளில் பலவும் கான்பூரில் 1972-இல் தொடங்கப்பட்ட அலிம்கோ என்ற அரசு நிறுவனத்தின் வழியாக வருபவை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் காதுக் கருவி உண்டு. இலவசமாகக் கிடைத்ததைக் கேட்க உரிமை இல்லை என்று நினைத்துப் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அது தவறு. முகாமில் கொடுத்த ரசீது, அடையாள அட்டை, கருவி மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் பழுதை எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். பழுது பார்க்கவே முடியாது என்றால், உதவி உபகரணத் திட்டத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் விண்ணப்பிக்கலாம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி ஓராண்டுதான்.

பள்ளி செல்லும் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரிடம் தலைமை ஆசிரியர் மூலம் சொல்லுங்கள். கருவி நின்றுபோனதைப் பள்ளிக்குத் தெரிவிப்பது இன்னொரு வகையிலும் முக்கியம். அது வரை பிள்ளையை முன் வரிசையில் உட்கார வைப்பார்கள், "கவனமில்லாத பையன்" என்ற பெயர் வராது.

காதும் சந்தேகத்தில் இருந்தால் பென்னாகரம் அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. கூடுதல் சோதனைக்குத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. இங்கெல்லாம் தீராத சிக்கலுக்கு மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் தென்னிந்தியாவின் பெரிய இடம். 1960-களில் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் அது. சோதனை, கருவி பொருத்துதல், அச்சு செய்தல், பழுது பார்த்தல் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். ஒரு நாளில் முடியாமல் போகலாம், தங்கும் ஏற்பாட்டோடு போங்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போய் வரும் குடும்பங்களுக்கு மைசூர் எட்டாத தூரம் அல்ல. மும்பையில் 1983-இல் அமைந்த தேசிய செவித்திறன் நிறுவனம் நவாப் அலி யாவர் ஜங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் மகாராஷ்டிர ஆளுநராகவும் இருந்தவர் அவர். நம் சமுதாயத்தில் இது பலருக்குத் தெரியாத செய்தி.

கொடுக்கும்போது

ஒவ்வொரு கருவியிலும் தொடர் எண் பொறித்திருக்கும். சிவப்புக் குறி வலது காது, நீலக் குறி இடது காது. எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ரசீதில் அதே எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள். பழுதை "வேலை செய்யவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், விட்டு விட்டுக் கேட்கிறதா, இரைகிறதா, காலையில் நன்றாக இருந்து மாலையில் நிற்கிறதா என்று சொன்னால் அவர்கள் வேலை பாதியாகும். மாலையில் நிற்பது பெரும்பாலும் ஈரம். தொட்டால் கேட்டுத் தொட்டால் நிற்பது பெரும்பாலும் பேட்டரி முனை அல்லது வயர். கடைசியாக எடுத்த கேட்கும் சோதனை அறிக்கையையும் கொண்டுபோங்கள்.

செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பழுது பார்த்ததற்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று கேளுங்கள். நிறுவனத்துக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா என்றும் கேளுங்கள். சில இடங்களில் கேட்டால்தான் தருவார்கள். கூரியரில் அனுப்ப வேண்டி வந்தால் பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சு வைத்த கெட்டி டப்பாவில் போட்டு அனுப்புங்கள். சாதாரண உறையில் போட்டால் நசுங்கும்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி வரும். நல்ல கருவி சுமார் ஐந்து ஆண்டு உழைக்கும். குழாய், அச்சு, மைக், ரிசீவர் போனால் எந்த வயதிலும் பழுது பார்ப்பது லாபம். ஆறேழு ஆண்டான கருவியில் சிப் போய், செலவு புதியதின் பாதியைத் தொடுகிறது என்றால் புதியதைப் பற்றி யோசிக்கலாம். ஒரே காதுக்கு மட்டும் மாற்றும்போது இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப் போகுமா என்று கேட்டுவிடுங்கள்.

உத்தரவாதம் இருந்தும் மறுத்தாலோ, பணம் வாங்கிக்கொண்டு சரிசெய்யாமல் இழுத்தடித்தாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கருவியைப் பெங்களூரில் வாங்கியிருந்தாலும் வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ரசீது இல்லாமல் இதில் எதுவும் நடக்காது.

காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செய்த பிள்ளைகளுக்கு மேலே சொன்னவற்றில் பேட்டரியும் ஈரமும் மட்டுமே பொருந்தும். வெளியே மாட்டும் பகுதியை அந்த நிறுவனத்தைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. கேட்கவில்லை என்று தெரிந்த அன்றே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

ஜமாஅத் செய்யக்கூடியது

ஏரியூரிலிருந்து ஒருவர் தர்மபுரி போய் வந்தால் ஒரு நாள் போய்விடும். வீட்டில் பெரியவர் மட்டும் இருந்தால் அந்த ஒரு நாளும் வராது. ஆனால் ஜமாஅத்தில் மாதம் ஒருமுறை யாராவது தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போகத்தான் செய்கிறார்கள். பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்து, யார் கருவி, தொடர் எண் என்ன, என்ன பழுது என்று எழுதி, நான்கைந்து கருவிகளை ஒரே ஆள் எடுத்துப் போய்க் கொடுத்து வாங்கி வரலாம். கணினியில் மறுபடி பொருத்த வேண்டியவர்கள் மட்டும் நேரில் போனால் போதும். நான்கு அளவுப் பேட்டரியிலும் சில அட்டைகள், குழாய், சிலிக்கா மணி ஆகியவற்றை வாங்கி வைத்து அடக்க விலைக்குக் கொடுப்பதும் பெரிய காரியம் அல்ல. வாங்க வசதியில்லாதவர் ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழையாக இருந்தால் அந்த நிதியிலிருந்து அவர் கையில் கொடுக்கலாம். எப்படிக் கொடுப்பது என்பதை ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பேட்டரியைப் பார்த்துவிட்டால் குத்பாவின் நடுவே கருவி நிற்காது. ரமளானில் தராவீஹுக்குப் போகும்போது ஒரு பேட்டரி பையில் இருக்கட்டும். ஹஜ், உம்ரா செல்பவர்கள் முழுப் பயணத்துக்கும் தேவையான பேட்டரிகளையும் சிலிக்கா டப்பாவையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே வெப்பமும் வியர்வையும் அதிகம். பள்ளிவாசலில் ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்தால் கருவியில் சத்தம் சிதறும். இமாமின் முகம் தெரியும்படி முன் சஃபில் இடம் விட்டால் உதட்டசைவும் கைகொடுக்கும்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு என்ன படிப்பது என்று தெரியாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: மைசூர் நிறுவனத்தில் காதுக் கருவி மற்றும் அச்சுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமா படிப்பு உண்டு. பென்னாகரம் வட்டாரத்தில் இந்தப் படிப்பு படித்த ஒரே ஒருவர் கடை போட்டால், சுற்றியுள்ள ஊர்களின் பீரோக்களிலிருந்து அவருக்கு வேலை வரும். சேர்க்கை விவரங்களை நிறுவனத்திடமே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.